ஓரத்தில் எழுதியவர்கள்

விஞ்ஞானம் ஒரு பக்கம், மதம் மறு பக்கம். இரண்டும் எந்நாளும் கட்டிப் புரண்டு சண்டையிட்டன. முடிவில் விஞ்ஞானம் வென்றது. இப்படி ஒரு கதை நம்மிடையே உலவுகிறது. எல்லா விஞ்ஞானமும் எங்கள் முன்னோரின் ஏடுகளிலே முன்பே இருக்கிறது, மேனாட்டான் அதைப் பார்த்துத்தான் விமானம் விட்டான் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. முதற் கதையைச் சொல்பவர் மேடையிலே கைதட்டல் பெறுகிறார். இரண்டாம் கதையைச் சொல்பவரும் பெறுகிறார். இரு சாராரில் எவரேனும் அந்தப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததுண்டா என்று கேட்டால்தான் மேடை மௌனமாகிவிடுகிறது!

அண்மையில் நான்கு நூல்களை நாம் அடுத்தடுத்துப் படித்தோம். ஒன்று வரலாறு பற்றியது, ஒன்று விஞ்ஞானம், ஒன்று சமயம், மற்றொன்று தொழில் நுட்பம். நான்கையும் ஆங்கிலத்தின் வாயிலாகவே படித்தோம். படித்து முடித்த பிறகு, அந்த நூல்களை எழுதியவர்களைக் காட்டிலும், அவற்றை வாங்கிப் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நம் நெஞ்சில் நின்றது. அதை வாசகர்களுக்குச் சொல்வது பயனுடையதெனக் கருதுகிறோம்.

அச்சு பிறந்த இடம்

முதல் நூல், கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோசப் நீடாம் தொடங்கிய 'சீனத்தில் விஞ்ஞானமும் நாகரிகமும்' எனும் பெருந்தொகுதி. இதன் முதற் பாகம் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. நீடாம் 1995இல் மறைந்தார். அதன் பின்னரும் பிற அறிஞர்கள் அப்பணியைத் தொடர்ந்தார்கள். அவர் சீன மொழிப் புலவராகத் தொடங்கியவரல்லர். உயிர் வேதியல் பயின்றவர். 1937இல் சீனத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஆராய்ச்சி செய்ய வந்த லூ குவெய்-ஜென் எனும் பெண்மணியிடம், நாற்பதை நெருங்கும் வயதில், சீன மொழியைக் கற்கத் தொடங்கினார். நடு வயதிலே புது மொழி எதற்கு என்று அவர் சோம்பியிருந்தால் இந்த மலை போன்ற ஏடு உலகுக்குக் கிடைத்திராது.

1620ஆம் ஆண்டு ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், உலகத்தின் போக்கையே மாற்றியவை மூன்று என்று எழுதினார்: அச்சு, வெடிமருந்து, காந்த ஊசி. அவை எங்கே எப்படிப் பிறந்தன என்பது இருளில் கிடக்கிறது என்றும் எழுதினார். மூன்றுமே சீனத்தில் தோன்றியவை என்பதை நீடாமும் அவருடைய துணைவர்களும் பாகம் பாகமாகச் சான்று காட்டி நிறுவுகிறார்கள்.

இதைப் படிக்கும் கீழை நாட்டவனின் நெஞ்சு நிமிர்வது இயற்கை. ஆனால் நிமிர்ந்த நெஞ்சோடு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட நீடாம் விரும்பவில்லை. உடனே அடுத்த கேள்வியைப் போடுகிறார். இத்தனையும் கண்டுபிடித்த சீனத்திலே, கணிதத்தில் சிறந்த இந்தியாவிலே, இன்றைய விஞ்ஞானம் ஏன் பிறக்கவில்லை? அது ஏன் ஐரோப்பாவிலே பிறந்தது? 'எல்லாம் எங்களிடமே இருந்தது' என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். முதற் கேள்வி பெருமைக்கு. இரண்டாவது கேள்வி முன்னேற்றத்துக்கு!

அச்சுக் கலையைப் பற்றி நாம் அறிந்த ஒரு செய்தி இங்கே சிந்திக்கத்தக்கது. தேதி பொறிக்கப்பட்டு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு நூல், 868ஆம் ஆண்டைச் சேர்ந்த 'வச்சிர சூத்திரம்' எனும் பௌத்த நூல். சீனத்தின் துன்ஹுவாங் குகையிலே கிடைத்த அச்சுருள் இன்று லண்டன் நூலகத்தில் இருக்கிறது. வாங் ஜியே என்பவர் தம் பெற்றோரின் பொருட்டு, எல்லோருக்கும் இலவசமாக வழங்குவதற்காக அதை அச்சிடச் செய்தார் என்று அதன் முடிவிலேயே குறித்திருக்கிறது. ஐரோப்பாவில் கூட்டன்பர்க் 1450களில் அச்சிட்ட பெருநூல் விவிலியம். நம் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைப்பனவற்றுள் மூத்தது, 1578இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கமுள்ள கிறிஸ்தவச் சமய நூல்.

ஆக, அச்சு எந்திரத்தைத் தாலாட்டி வளர்த்தது பெரும்பாலும் மத நம்பிக்கையே. இதை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். வளர்ந்த பிள்ளை பிறகு வீட்டிலேயே கேள்வி கேட்கத் தொடங்கியது. அங்கேதான் தகராறு வந்தது.

எவரும் படிக்காத நூலா?

அந்தத் தகராறைச் சொல்வது நாம் படித்த இரண்டாவது நூல். வானியல் அறிஞர் ஓவன் கிஞ்சரிச் எழுதி 2004இல் வெளிவந்த 'எவரும் படிக்காத நூல்' என்பது அதன் பெயர். நூலைப் பற்றிய நூல் இது.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கூறும் கோப்பர்நிக்கஸின் பெருநூல் 1543ஆம் ஆண்டு நூரம்பர்க் நகரில் அச்சாயிற்று. அது வந்த வரலாறே சுவையானது. கோப்பர்நிக்கஸ் கத்தோலிக்கத் திருச்சபையிலே பொறுப்பு வகித்தவர். 'எழுதியதை வெளியிடுங்கள்' என்று அவரை இசைய வைத்தவர், லூதரின் கோட்டையான விட்டன்பர்க்கிலிருந்து வந்த ரெட்டிக்கஸ் எனும் இளைஞர். அச்சிட்ட நகரமோ லூதர் வழி நின்ற நகரம். நூலைக் காணிக்கையாக்கியது ரோமாபுரிப் போப்புக்கு! இரு சமயப் பிரிவினரும் ஒருவரையொருவர் வசைபாடிக் கொண்டிருந்த நாளில் இரு தரப்பு மனிதர்களும் சேர்ந்துதான் அந்த ஏட்டை உலகுக்குத் தந்தார்கள்.

அச்சைக் கவனித்துக் கொண்ட ஒசியாண்டர் எனும் சமய அறிஞர், தம் பெயரைப் போடாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார். 'இவையெல்லாம் கணக்குப் போட உதவும் அனுமானங்கள். உண்மையாக இருந்தாக வேண்டியதில்லை' என்பது அதன் சாரம். நூலாசிரியரோ அந்த ஆண்டு மே மாதமே இறந்துபோனார். முன்னுரை அவருடையது என்றே பலரும் நம்பினார்கள். ரெட்டிக்கஸ் கொதித்தார், தாம் பிறருக்குப் பரிசளித்த பிரதிகளில் அந்த முன்னுரையைச் சிவப்புக் கோலால் அடித்துவிட்டார். அதை எழுதியவர் யாரென்பதை 1609இல் கெப்ளர் உலகறியச் செய்தார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது? அவர் கைக்கு வந்த பழைய பிரதியில், முன்பு வைத்திருந்தவர் ஒசியாண்டரின் பெயரைக் குறித்து வைத்திருந்தார்!

1959இல் ஆர்தர் கெஸ்லர் எனும் எழுத்தாளர், கோப்பர்நிக்கஸின் நூல் எவரும் படிக்காத நூல் என்று எள்ளி எழுதினார். 1970இல் எடின்பரோ வானாய்வுக் கூடத்தில் கிஞ்சரிச் ஒரு பழைய பிரதியைத் திறந்தார். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓரங்களிலே அடர்ந்த குறிப்புகள்! எழுதியவர், விட்டன்பர்க்கில் வானியல் கற்பித்த ரைன்ஹோல்ட். ஒருவராவது படித்திருக்கிறார்! வேறு எவரெல்லாம் படித்தார்கள் என்று தேடப் புறப்பட்டார் கிஞ்சரிச். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அலைந்தார். முதற் பதிப்பிலும், 1566இல் வந்த இரண்டாம் பதிப்பிலுமாக ஏறத்தாழ 600 பிரதிகளைக் கணக்கெடுத்தார். ஆசிரியர் தம் மாணவருக்கு, மாணவர் தம் மாணவருக்கு என்று ஓரக் குறிப்புகள் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பயணம் செய்ததைக் கண்டறிந்தார்.

மை பூசிய கதையையும் அவரே சொல்கிறார். 1616இல் ரோமாபுரி, இந்த நூல் 'திருத்தப்படும் வரை' நிறுத்தி வைக்கப்படுகிறது என ஆணையிட்டது. 1620இல் திருத்தப் பட்டியல் வந்தது. பூமி சுழல்கிறது என்று உறுதியாகச் சொல்லும் இடங்களை, 'அப்படி வைத்துக்கொண்டு கணக்கிடலாம்' எனும் பொருள்பட மாற்ற வேண்டும் என்பது கட்டளை. அந்தக் கட்டளைக்கு என்ன கதி நேர்ந்தது தெரியுமா? இத்தாலியில் இருந்த பிரதிகளில் பாதிக்கு மேற்பட்டவை திருத்தப்பட்டன. ஆனால் பிரான்சு, ஸ்பெயின் போன்ற கத்தோலிக்க நாடுகளிற்கூடப் பெரும்பாலான பிரதிகள் மை படாமல் தப்பின! கலிலியோவிடம் இருந்த பிரதியும் இன்று இருக்கிறது. கட்டளைப்படி அவர் அடித்திருக்கிறார். ஆனால் அடியிலுள்ள எழுத்து நன்றாகப் படிக்கும்படி, மெல்லிய கோடாக அடித்திருக்கிறார்.

அந்த மெல்லிய கோட்டைப் பற்றிப் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சிந்தித்தோம். கட்டளையை மீறவும் இயலாது, உண்மையை அழிக்கவும் மனம் வராது எனும் நிலையிலே ஒரு மனிதனின் கை எப்படி நகரும் என்பதை அது காட்டுகிறது.

பக்தர் எழுதிய கடிதம்

மூன்றாவது, அந்தக் கலிலியோவே 1615இல் எழுதிய கடிதம். டஸ்கனி நாட்டு இளவரசரின் தாயார் கிறிஸ்டினா அம்மையாருக்கு எழுதியது. பெயர்தான் கடிதம், ஒரு சிறு நூல் அளவு இருக்கிறது.

மதத்தைத் தாக்கும் வீராவேசத்தை எதிர்பார்த்து இதைத் திறப்பவர் ஏமாந்து போவார். எழுதியவர் பக்தர். அவருடைய வாதம் இது: மறை நூலும் இயற்கையும் ஒரே இறைவனிடமிருந்து வந்தவை, ஆகவே இரண்டும் முரண்பட முடியாது. மறை நூல் பாமர மக்களுக்குப் புரியும் வழக்கிலே பேசுகிறது; இயற்கையோ எவருக்காகவும் தன் விதியை மாற்றிக் கொள்வதில்லை. எனவே இயற்கையைப் பற்றிச் சோதனையால் உறுதிப்பட்ட ஒன்று மறை நூலின் சொல்லோடு மோதுவதாகத் தோன்றினால், சொல்லுக்கு நாம் கொண்ட பொருளைத்தான் மறுபடி ஆராய வேண்டும். புலனையும் அறிவையும் தந்த இறைவன், அவற்றைப் பயன்படுத்தாதே என்று சொல்வானா? இப்படிக் கேட்டு, திருச்சபையின் பழம்பெரும் ஆசான் அகஸ்டினையே துணைக்கு அழைக்கிறார்.

கலிலியோ எல்லாவற்றிலும் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. பூமி சுழல்வதற்குச் சான்றாக அவர் பின்னர்க் காட்டிய கடல் அலை ஏற்ற இறக்க வாதம் தவறானது. பூமியின் ஓட்டத்தால் விண்மீன் இடம் பெயர்வது போலத் தோன்றுவதை அளந்து காட்டியது 1838இல் பெஸ்ஸல். எதிர்த்தவர்கள் 'சான்று எங்கே?' என்று கேட்டதில் நியாயம் இருந்தது. சான்று கேட்பதோடு அவர்கள் நின்றிருந்தால் எவரும் குறை சொல்ல மாட்டார். வாயை மூடு என்றார்களே, அதுதான் குற்றம்!

1632இல் தம் பெரிய நூலை அவர் இலத்தீனில் எழுதவில்லை; தம் மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் எழுதினார். மறு ஆண்டே விசாரணை. 69 வயது முதியவர் மண்டியிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 1642இல் இறக்கும் வரை வீட்டுக் காவல். காவலில் இருந்தபடியே எழுதிய இயக்கவியல் நூல் 1638இல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் அச்சாயிற்று. கோப்பர்நிக்கஸும் கலிலியோவும் இல்லாத தடைப் பட்டியல் வெளிவந்தது 1835இல். 1992 அக்டோபர் 31 அன்று போப் இரண்டாம் ஜான் பால், மறை நூலுக்குப் பொருள் காண்பதிலே அன்றைய சமயவாணரைவிடக் கலிலியோவே தெளிவாக இருந்தார் என்று ஏற்றுக்கொண்டார். பக்தர் எழுதிய கடிதத்தை அவருடைய வீட்டாரே சரியாகப் படித்து முடிக்க 377 ஆண்டுகள் ஆயின!

சுரங்கத்தில் இறங்கிய மருத்துவர்

வானத்தைப் பார்த்தவர்கள் இவ்வாறிருக்க, மண்ணுக்குள் இறங்கிப் பார்த்தவரின் நூல் நான்காவது. ஜெர்மானிய மருத்துவர் அக்ரிகோலா எழுதிய 'உலோகங்களைப் பற்றி'. அவர் இறந்த மறு ஆண்டு, 1556இல் பாசல் நகரில் வெளிவந்தது. யோவாக்கிம்ஸ்தால் எனும் வெள்ளிச் சுரங்க ஊரிலே மருத்துவம் பார்த்தவர் அவர். அவ்வூரின் வெள்ளி நாணயத்துக்கு வழங்கிய 'தாலர்' எனும் பெயர்தான் பின்னாளில் 'டாலர்' ஆயிற்று.

நீர் இறைக்கும் பொறி, காற்றுச் செலுத்தும் பொறி, உலை, தராசு என்று ஒவ்வொன்றையும் படம் போட்டு விளக்குகிறார். படங்களில் பொறி மட்டும் இல்லை. மூட்டை தூக்குபவன், சக்கரம் மிதிப்பவன், தாது பிரிக்கும் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். பூமிக்குள் உலோகம் இருக்குமிடத்தைக் கவைக்குச்சி காட்டும் எனும் நம்பிக்கையை, அறிவுள்ள சுரங்கக்காரனுக்கு அது தேவையில்லை என்று ஒதுக்குகிறார். அதே நூலில் சுரங்கப் பேய்கள் உண்டென்றும் எழுதுகிறார்! ஒரே தலைக்குள் இரண்டும் இருந்தன. பழைய அறிஞரை முழுதும் தெய்வமாக்குவோரும் முழுதும் மூடராக்குவோரும் இந்த இடத்தைப் படிக்க வேண்டும்.

சுரங்கம் தோண்டினால் காடு அழிகிறது, கழிவு நீரால் ஆறு கெடுகிறது, மீன் சாகிறது எனும் முறையீட்டை 16ஆம் நூற்றாண்டிலேயே அவர் எடுத்துச் சொல்லிப் பதிலும் கூறுகிறார். உலோகம் இல்லாவிட்டால் மனிதன் விலங்கு போல வாழ நேரும். குற்றம் உலோகத்தில் இல்லை, அதைக் கையாளும் மனிதனிடம் இருக்கிறது என்பது அவர் விடை. அந்த விடை நமக்கு முழு நிறைவு தரவில்லை. ஆறு யாருடையது, இலாபம் யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. ஆயினும் எதிராளியின் வாதத்தை ஒளிக்காமல் முன்வைத்த நேர்மையைப் போற்றுகிறோம்.

நம்மைக் கலங்க வைத்தது ஒரு பகுதி. சுரங்கத் தூசி நுரையீரலை அரிக்கிறது. கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியிலே ஏழு கணவரை மணந்து ஏழு பேரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்று எழுதுகிறார். தொழிலாளி முகத்திரை அணிய வேண்டும், உயர்ந்த காலணி அணிய வேண்டும் என்று அறிவுரை சொல்கிறார். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தது இதே யோவாக்கிம்ஸ்தால் தாதுவிலிருந்துதான். உலகம் ரேடியத்தைக் கொண்டாடியது. ஏழு கணவரை இழந்தவளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த நூல் ஆங்கிலத்தில் வந்த விதமும் நமக்குப் பாடம். சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவரும், நிலவியல் பயின்று இலத்தீனும் அறிந்த அவர் துணைவியார் லூ ஹென்றி ஹூவரும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் உழைத்து 1912இல் வெளியிட்டார்கள். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர் இந்த ஹூவர்தான். இலத்தீனில் இல்லாத சுரங்கச் சொற்களை அக்ரிகோலா தாமே படைத்திருந்ததால், மொழி மட்டும் தெரிந்தவருக்கு நூல் பிடிபடவில்லை. தொழிலும் தெரிந்தவர் தேவைப்பட்டார். தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், மதப் பணிக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணவர்களோடு உட்கார்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தொழிலும் மொழியும் ஒரே மேசையில் அமர்ந்தன, நூல் பிறந்தது.

வரி நம்முடையது, நூலும் நம்முடையது

நான்கு நூல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது என்ன? நம்பிக்கையுள்ளவர்களே அச்சை வளர்த்தார்கள்; நம்பிக்கையுள்ளவர்களே வானை அளந்தார்கள்; நம்பிக்கையுள்ளவர்களே மையும் பூசினார்கள். அறிவுக்குப் பகை, 'இதற்கு மேல் கேட்காதே' என்று சொல்லும் அதிகாரம். அது மதத்தின் பெயரால் வரலாம். அரசின் பெயரால் வரலாம். நமக்குப் பிடித்த கட்சியின் பெயராலும் வரலாம். வரும்போது நம் கையில் இருப்பது மைப்புட்டியா, எழுதுகோலா என்பதே கேள்வி.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெரிபோர்டு தேவாலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையில் வெளியான தம் நூலில் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் இருப்பது பூட்டிக் காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. அன்று தொட்டு, மக்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது. 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியமும் வந்துவிட்டது.

ஆகவே சங்கிலி இல்லை, தடையாணை இல்லை, வரியும் கட்டியாயிற்று. குறை எங்கே? உள்ளூர் நூலகத்துக்குள் கால் வைக்காத நம்மிடம் இருக்கிறது. தேவையான நூல் இல்லாதபோது ஏன் இல்லை என்று எழுதிக் கேட்காத நம்மிடம் இருக்கிறது.

பொது நூலக ஏட்டின் ஓரத்திலே கிறுக்கச் சொல்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம்! அதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். வாசகர்கள் இந்தத் திங்களில் ஒரு விஞ்ஞான நூலை, ஒரு வரலாற்று நூலை எடுத்துச் செல்லட்டும். தமக்கு உடன்பாடில்லாத ஒரு நூலையும் கூடவே எடுத்துச் செல்லட்டும். ஐயம் எழும் இடத்தில் பக்க எண்ணைக் குறித்து, எதனால் ஐயம் என்று இரண்டு வரி எழுதட்டும். வீட்டிலே பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இருந்தால் அந்த இரண்டு வரியை அதனிடம் காட்டி, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்கட்டும். ரைன்ஹோல்டின் குறிப்பு மாணவர் கைக்குப் போனதும் இந்த வழியில்தான்.